முவைலா கேம்ப் சுவரில் எங்கள் மடைக்கல்

பிள்ளைகளே,

நான் துபாய் போய் வந்தேன் என்றதும் நம் ஊர்ப் பிள்ளைகள் நீங்கள் எல்லாரும் அந்த உயரமான கட்டடத்தைப் பற்றித்தான் கேட்டீர்கள். அதை நான் பஸ் ஜன்னல் வழியாகப் பாதிதான் பார்த்தேன். மேல் பாதியைப் பார்க்கக் குனிந்தபோது பக்கத்தில் நின்றவரின் சாப்பாட்டுத் தூக்கு என் நெற்றியில் இடித்தது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் கட்டடம் போய்விட்டது. நான்கு நாள் அங்கே இருந்தேன். நான்கு நாளும் என் மனதில் இருந்தது ஒரே ஒரு காகிதம். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன் எழுதுவது. எங்காவது தடுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வரலாற்று மன்றத்தில் ஒன்பது பேர் இருக்கிறோம். செயலாளர் சரோஜா அக்கா, தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்குப் பஸ் ஸ்டாண்டில் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை. மற்றவர்களும் என்னைப் போலத்தான், டிராக்டர் மெக்கானிக், டெய்லர், ரேஷன் கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளியும் பிரஷ்ஷுமாகக் கிளம்பி, எழுத்து வெட்டிய கல் எங்கே கிடக்கிறது என்று தேடுவோம். கிடைத்தால் மைப்படி எடுப்போம்.

மைப்படி என்றால் என்ன என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். கல்லைக் கழுவி, நனைத்த காகிதத்தை அதன் மேல் பரப்பி, கெட்டியான பிரஷ்ஷால் அடிக்க வேண்டும். அடிக்க அடிக்கக் காகிதம் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். பிறகு துணிப்பந்தில் மையைத் தொட்டு ஒற்றினால் சுற்றிலும் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வரும். காய்ந்ததும் உரித்து எடுத்தால், கல்லின் பள்ளம் மேடெல்லாம் அந்தக் காகிதத்திலேயே நிற்கும். தேய்ந்துபோன எழுத்தைக்கூட, படிக்கத் தெரிந்தவர்கள் அந்தப் பள்ளத்தை வைத்துச் சொல்லிவிடுவார்கள். போட்டோவில் அது கிடைக்காது.

பெரிய கண்மாயின் பழைய மடையில் அப்படி ஒரு கல் இருந்தது. ஒன்பது வரி. இரண்டு வருடத்துக்கு முன் ஆரோக்கியம் லீவில் வந்திருந்தபோது அதற்குப் படி எடுத்தோம். ஆரோக்கியம் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், ஷார்ஜாவில் ஷட்டரிங் கார்ப்பென்டர். கான்கிரீட் ஊற்றப் பலகை அடிப்பது அவன் வேலை. அவன் அடித்தான், நான் காகிதத்தின் மூலையைப் பிடித்தேன். இரண்டு படி எடுத்தோம். முதல் படி மன்றத்துக்கு. இரண்டாவதை, "அடிச்சவனுக்கு ஒண்ணு" என்று சரோஜா அக்கா அவனுக்கே கொடுத்தார். அவன் அதை ஷார்ஜாவுக்குக் கொண்டுபோய்விட்டான்.

முதல் படியை நான் என்ன செய்தேன் தெரியுமா. லேமினேஷன் செய்தேன். கரையான் அரிக்கும், மழை ஒழுகும், நூறு வருடம் இருக்கட்டும் என்று நினைத்தேன். என் மெஷினுக்கு அகலம் பத்தாது. அதனால் எழுத்தில் கத்தரி படாமல், இரண்டு வரிக்கு நடுவே பார்த்துப் பார்த்து வெட்டி, மூன்று துண்டாக்கி உள்ளே விட்டேன். பளபளவென்று வந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். அக்கா மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தார். அவரைக் கேட்காமல் செய்தேன்.

இந்த வருடம் கண்மாய் வேலை தொடங்கியது. மண் அள்ளும் மெஷினின் வாளி இடித்து, கல்லின் முகம் சில்லுச் சில்லாகப் போய்விட்டது. அது துணி துவைக்கிற கல் என்று காண்டிராக்டர் சொன்னார். பழைய மடையை இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டப்போவதாகவும் சொன்னார். மாவட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்தார், கல்வெட்டு படிக்கத் தெரிந்த அதிகாரி. "கல்லுதான் போச்சு. படி இருந்தாக் குடுங்க. எழுத்து இருந்துச்சுன்னு நிரூபிச்சா மடையத் தொட விடமாட்டேன்" என்றார்.

மூன்று பிளாஸ்டிக் துண்டுகளையும் கொடுத்தோம். அவர் திருப்பிப் பார்த்தார், விரலால் தடவினார். மறுபடி தடவினார்.

"சூட்டுல எல்லாம் அமுங்கிடுச்சு. மை இளகி எழுத்துக்குள்ள போயிருக்கு. இது வெறும் கறுப்புத் தாள். யார் செஞ்ச வேலை இது?"

"மன்றத்துப் பொருளுங்க. நான்தான் பொறுப்பு" என்றார் சரோஜா அக்கா.

செயலாளரின் கவனக்குறைவு என்று அந்த அம்மா கோப்பில் எழுதினார். நான் அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு முழ தூரத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அக்கா சொல்லித்தான் என் கடையில் செய்தேன் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும் என்று விட்டேன்.

விசாரணைக்குப் பதினோரு நாள் தவணை கிடைத்தது. அன்றைக்கே அக்கா ஆரோக்கியத்துக்குப் போன் செய்து, கல் உடைந்ததையும் மடையை இடிக்கப்போவதையும் சொல்லி, அவனிடம் இருந்த படியைக் கேட்டார். "பத்திரமா இருக்குக்கா. ஆனா யாரு கையிலயும் குடுத்துவிட மாட்டேன். மடிச்சுப் பெட்டியில வச்சா அமுங்கிப்போகும். நம்ம ஆளு ஒருத்தர நேர்ல வரச் சொல்லுங்க" என்றான். மறுநாளிலிருந்து அவன் போன் அணைந்துவிட்டது. என் மைத்துனன், உங்கள் சரவணன் மாமா, துபாயில் சத்வா என்ற இடத்தில் தையல் கடையில் இருப்பதால் நான் போகிறேன் என்றேன். மன்றத்தில் கைதட்டினார்கள். நான் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

புதன்கிழமை போய் இறங்கினேன். சத்வாவில் சரவணன் இருக்கும் ரூமில் எட்டுக் கட்டில், ஒன்றின் மேல் ஒன்று. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு திரை. திரையை இழுத்துவிட்டால் அதுதான் ஒருவனின் வீடு. திரைக்குள்ளேயே சாமி படம், சார்ஜர், ஊறுகாய் பாட்டில், மகளின் போட்டோ. தெருவில் நாலு கடைக்கு ஒரு கடை தையல் கடை. நம் ஊரில் தைப்பவர் வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரோடு பேசுவார். அங்கே கண்ணாடிக் கதவுக்கு உள்ளே தலை தூக்காமல் தைக்கிறார்கள்.

இரவுச் சாப்பாடு குப்பூஸும் பருப்பும். குப்பூஸ் என்பது வட்டமான ரொட்டி, கைக்குட்டை மாதிரி மடியும். பருப்பில் தொட்டுத் தின்றால் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் இறங்கவில்லை.

"மச்சான், சாப்புடுங்க. நாளைக்கு வெயிலு மேலருந்து மட்டும் வராது, தரையிலருந்தும் வரும்" என்றான் சரவணன்.

"போன் எடுக்க மாட்டேங்கிறானே."

"அவரு இருக்குற லேபர் கேம்ப்பு ஷார்ஜா முவைலாலதான? அங்க போயி நில்லுங்க. சாயங்காலம் பஸ்ஸு வரும், எறங்குவாக. ஆளு எங்க போயிறப் போறாரு."

வியாழக்கிழமை சரவணன் பஸ் ஏற்றிவிட்டான். முன்னால் ஒரு சீட் காலியாக இருந்தது. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். ஒரு பிலிப்பைன்ஸ் பெண் என் தோளைத் தொட்டு, தலைக்கு மேலே இருந்த படத்தைக் காட்டினாள். பாவாடை போட்ட உருவம். சுற்றிலும் பார்த்தேன், எல்லாரும் பெண்கள். பின்பக்கமாகப் போய் நின்றபோது ஒரு பாகிஸ்தான்காரர் சைகையும் இந்தியுமாக, "பயப்படாதே அண்ணா, முதல் நாள் நானும் அங்கேதான் உட்கார்ந்தேன்" என்றார். அப்போதுதான் தூக்கு என் நெற்றியில் இடித்தது.

ஷார்ஜாவில் இறங்கி ஒரு கார் லிப்ட் பிடித்தேன். ஷேர் ஆட்டோ மாதிரிதான், ஆனால் கார். "முவைலா? யல்லா, வா வா, உட்கார்" என்று ஓட்டுநர் ஏற்றிக்கொண்டார். முவைலா என்று இறக்கியும் விட்டார். அது பள்ளிக்கூடங்கள் இருக்கும் பக்கம். கேம்ப் இருப்பது மறுபக்கம். அங்கே நம்மவர் ஒருவர் பையனைக் கூட்டிக்கொண்டு நின்றார். "தம்பி, லேபர் கேம்ப்புக்கு எப்படிப் போகணும்" என்று பையனிடம் கேட்டேன். அவன் இங்கிலீஷில் சொன்னான், அவன் அப்பா அதை எனக்குத் தமிழில் சொன்னார். முக்கால் மணி நேரம் நடந்தேன். செருப்பின் அடி இளகி ஒவ்வொரு அடிக்கும் சப்தம் போட்டது. சரவணன் சொன்னது சரிதான், வெயில் தரையிலிருந்தும் வந்தது.

கேம்ப் வாசலில் நேபாளிக் காவலாளி. "விசிட்டர் மாஃபி" என்றார். பார்க்க வந்தவர் உள்ளே போக முடியாதாம். ஆரோக்கியம் பெயரைச் சொன்னேன். "எல்லாரும் டியூட்டி. ஆறு மணி" என்று விரலைக் காட்டினார். கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எனக்குப் புரியவில்லை. எதிரே மளிகைக் கடை வைத்திருந்த மலையாளி அண்ணன்தான் படித்துச் சொன்னார். மூட்டைப்பூச்சி. நாளைக்குக் காலையில் எல்லா ரூமிலும் மருந்து அடிக்கிறார்கள். கட்டில், மெத்தை எல்லாம் முற்றத்துக்கு வர வேண்டும்.

"சுவரில் ஒட்டியது எல்லாவற்றையும் கிழித்துவிடுவார்கள். காகிதத்துக்குப் பின்னால்தான் பூச்சி முட்டை வைக்கும்" என்றார்.

"கிழிக்காம எடுக்க மாட்டாங்களா?"

"முந்நூறு பேர் இருக்கிற ரூம்கள். எடுக்க யாருக்கு நேரம்."

பால் சேர்க்காத சுலைமானி டீ ஒன்று கொடுத்தார். டம்ளரைக் கீழே வைக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் அதைப் பெட்டியில் வைத்திருக்கிறானா, சுவரில் ஒட்டியிருக்கிறானா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஆறு மணிக்குப் பஸ்கள் வந்தன. ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் கம்பி. இறங்குகிறவர்கள் எல்லார் முகத்திலும் ஒரே சிமெண்டுப் பூச்சு, யார் யாரென்று தெரியவில்லை. "ஆரோக்கியம், ஆரோக்கியம்" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பஸ்கள் காலியாகிவிட்டன. அவன் வரவில்லை. கடைசியாகப் பீகார்க்காரர் ஒருவர் திரும்பி நின்றார். பெயர் யாதவ்.

"ஆரோக்? எக்ஸ்ரேக்காரனா?"

எனக்குப் புரியவில்லை. மளிகைக்கடை அண்ணன் நடுவில் நின்று மொழிபெயர்த்தார். ஆரோக்கியமும் யாதவும் ஒரே ரூம். மேல் கட்டில், கீழ்க் கட்டில். ஆரோக்கியத்தை, தூரத்தில் புஜேரா என்ற ஊர்ப் பக்கம் வேறொரு சைட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவன் போன் கான்கிரீட்டுக்குள் விழுந்து, அதன் மேலேயே தளம் போட்டுவிட்டார்கள். நாளை மதியத்துக்கு முன் திரும்பி வருவான்.

"எக்ஸ்ரேன்னா?"

"கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறான். பெரிய கறுப்புத் தாள், உள்ளே வெள்ளை வெள்ளையாக. யாருடைய எலும்பு என்று நாங்கள் கேலி செய்வோம். எங்கள் ஊர்க் கண்மாயின் எலும்பு என்பான்."

நான் யாதவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். கிழியாமல் எடுத்து வை, மடிக்காதே, ஈரம் படவிடாதே என்று ஒன்றொன்றாகச் சொன்னேன். அண்ணன் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டினார். "கவலைப்படாதே பாய்" என்று கையை உருவிக்கொண்டு போனார். அவருக்குப் பசி. சமையலறையில் அடுப்புக்கு வரிசை நின்றது.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் கேட்டில் நின்றேன். யாதவ் விடிவதற்கு முன்பே டியூட்டிக்குப் போய்விட்டார். எடுத்தாரா, எங்கே வைத்தார், கேட்க ஆள் இல்லை. அவர் போன் நம்பரை முந்தின நாள் வாங்கத் தோன்றவில்லை. முற்றம் முழுக்க மெத்தையும் கட்டில் பலகையும் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். நான்கு பேர் சுரண்டியோடு ரூம் ரூமாகப் போனார்கள். கிழிந்த காகிதத்தைச் சாக்கில் கட்டி, கேட்டுக்கு வெளியே இருந்த இரும்புக் குப்பைத் தொட்டியில் கொட்டினார்கள். சாமி படங்களை மட்டும் கிழிக்கவில்லை. வேளாங்கண்ணி மாதா, முருகன், மெக்கா படம், குருநானக் என்று எல்லாரையும் ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் அடுக்கி நிழலில் வைத்திருந்தார்கள்.

கேம்ப்பைப் பார்த்துக்கொள்கிற மேலாளரை அங்கே கேம்ப் பாஸ் என்கிறார்கள். மளிகைக்கடை அண்ணனைக் கூட்டிவந்து அவரிடம் கெஞ்சினேன். "ரூல் ரூல்தான் பாய். உள்ளே மருந்து. உனக்கு ஏதாவது ஆனால் என் வேலை போய்விடும்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

உள்ளேதான் போகக் கூடாது. குப்பைத் தொட்டி வெளியே இருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு ஏறிக் குதித்தேன். காலண்டர், நடிகை படம், கிரிக்கெட் படம், யாரோ ஒரு குழந்தை கிரயானில் வரைந்து அனுப்பிய விமானம். அதைத் தனியாக எடுத்து வைத்தேன். இரும்பு சுட்டது. ஒரு சாக்கைப் பிரித்தபோது கறுப்பாக ஒரு துண்டு கையில் வந்தது. உள்ளங்கை அகலம். அடியில் இன்னொன்று, இன்னொன்று. துண்டைத் திருப்பி வெயிலில் பிடித்தேன். முகர்ந்து பார்த்தேன். தார். மொட்டை மாடியில் ஒட்டுகிற தார்த்தாள். யாரோ ஜன்னலில் வெயிலுக்கு மறைப்பாக ஒட்டியிருக்கிறார்கள்.

அப்போது ஒரு லாரி வந்து நின்றது. பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏய், அது நம்ம ஜெராக்ஸ் கடையில்ல? என்னடா முருகேசா, பிளேன் ஏறி வந்து குப்பை பொறுக்குற?"

ஆரோக்கியம். இளைத்துப் போயிருந்தான். தொட்டியிலிருந்து இறங்கிச் சட்டையை மாட்டிக்கொண்ட நான், லாரியிலிருந்து வந்தவனிடம் குசலம்கூடக் கேட்கவில்லை. "சுவத்துல இருந்ததக் கிழிக்கிறாங்கடா. யாதவ்கிட்ட எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன்" என்றேன். சிரிப்பு நின்றது. தலையில் இருந்த ஹெல்மெட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினான். திரும்பி வந்தபோது கை வெறுங்கையாக இருந்தது.

"சுவரு சுத்தமாக் கெடக்கு. டேப்பு ஒட்டுன தடம்தான் இருக்கு. யாதவ்கிட்ட சொன்னேங்கிற, அவன் என்ன செஞ்சான்?"

யாதவின் நம்பர் ஆரோக்கியத்துக்கு மனப்பாடம். என் போனில் அடித்தான். சைட்டில் மெஷின் சத்தம். மூன்று முறை கத்திக் கேட்ட பிறகு பதில் வந்தது. யாதவ் ராத்திரியே டேப்பை உரித்து, மடிக்காமல், ஆரோக்கியத்தின் கட்டிலிலேயே இரண்டு பலகைக்கு நடுவே வைத்திருக்கிறார். ஷட்டரிங்காரனுக்குப் பலகையை விடப் பத்திரமான இடம் வேறென்ன என்று நினைத்திருக்கிறார்.

அந்தப் பலகைகள் இப்போது முற்றத்தில். மருந்துக்காரர் முதுகில் டேங்க் கட்டி, முகமூடி போட்டு, வரிசையாக நனைத்துக்கொண்டே வந்தார். மைப்படிக்குத் தண்ணீர் பட்டால் காகிதம் உப்பிப் பள்ளமெல்லாம் நிரவிவிடும். லேமினேஷனில் சூடு செய்ததை இங்கே ஈரம் செய்துவிடும்.

"ருக்கோ பாய், ருக்கோ" என்று நிறுத்தச் சொல்லி ஆரோக்கியம் கத்தினான். இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. ஆரோக்கியத்தின் கட்டிலுக்கும் அவருக்கும் இடையே மூன்று கட்டில், இரண்டு கட்டில். நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஆரோக்கியம் ஓடிப்போய்த் தன் பலகைக்கு முன்னால், மருந்துக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் விரித்து நின்றான். அவன் முதுகு முழுக்க நனைந்தது. அதற்குப் பிறகுதான் இன்ஜின் நின்றது. கேம்ப் பாஸ் ஓடி வந்து திட்டினார். திட்டி முடித்து, என்னைப் பார்த்து, "சரி, நீயும் வா, எடுத்துக்கொண்டு சீக்கிரம் போ" என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

பலகையை மெதுவாகத் தூக்கினோம். இருந்தது. கீழ்மூலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம். எழுத்து இல்லாத இடம். ஆரோக்கியம் சட்டையைக் கழற்றிப் போட்டு, கையைக் கழுவி, துடைத்து, அதன் பிறகுதான் காகிதத்தைத் தொட்டான். ஒரு முனை அவன் பிடிக்க, ஒரு முனை நான் பிடிக்க, மளிகைக் கடைக்குப் பின்னால் நிழலுக்குக் கொண்டுபோனோம். அண்ணன் அரிசி மூட்டை மேல் சுத்தமான துணி விரித்தார். நான் பின்பக்கம் விரலை வைத்தேன். ஒன்பது வரியும் விரலுக்குத் தெரிந்தது.

நான் எடுக்கப் போனேன். ஆரோக்கியம் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இருப்பா. உங்ககிட்ட ஒண்ணு இருக்குல்ல? மொதப் படி. அதுதான இதவிடத் தெளிவா வந்துச்சு. அது எங்க?"

போனில் அக்கா அவனிடம் இதைச் சொல்லியிருக்கவில்லை. கரையான் அரித்துவிட்டது என்று சொல்லலாம். அந்தப் பொய் என் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"லேமினேஷன் பண்ணிட்டேன்டா" என்றேன்.

"எத?"

"படிய."

அவன் முதலில் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அடப்பாவி. ரேஷன் கார்டு மாதிரியா? வீட்ல பிள்ளைகளையும் உள்ள விட்டு எடுத்துட்டியா, இல்ல வெளியதான் இருக்குதுகளா?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"சரோஜாக்கா என்ன சொன்னாக?"

"ஆபீசரம்மா யாருன்னு கேட்டாங்க. அக்கா, நான்தான் பொறுப்புன்னாங்க. அவங்க பேரை எழுதிட்டாங்க."

"நீ எங்க இருந்த?"

"பக்கத்துலதான்."

"பக்கத்துல நின்னு?"

ஆரோக்கியம் காகிதத்தின் மேல் துணியின் மறுபாதியை மூடினான். மூட்டைக்கும் எனக்கும் நடுவே வந்து உட்கார்ந்தான். அவன் முதுகில் மருந்து வாடை அடித்தது.

"அக்கா முப்பது வருஷம் ஊரு லெட்டரக் குடுத்தவுக. ஒரு கார்டு தவறுனதில்ல. அவுக பேருல கவனக்குறைவுன்னு எழுதியிருக்கு. காண்டிராக்டருகாரன் டீக்கடையில என்ன பேசியிருப்பான்னு எனக்கு இங்க இருந்தே தெரியுதுடா." எட்டி என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் மடியில் வைத்தான். "ஆபீசரம்மாவுக்குப் போடு. நீ சொல்றத நான் கேக்கணும். அப்புறம் எடுத்துக்கிட்டுப் போ."

"திங்கக்கிழமை விசாரணையில நேர்ல சொல்றேன்டா."

"பக்கத்துல நிக்கும்போதே சொல்லாதவன், திங்கக்கிழமை சொல்லிருவியாக்கும்."

"விமானம் நாளைக்கு. மடையை இடிச்சிருவாங்க ஆரோக்கியம். என்மேல உள்ள கோவத்த அதுமேல காட்டாத."

"நானா காட்டுறேன்? போன் உன் மடியிலதான இருக்கு."

அவன் கொடுத்துவிடுவான் என்று எனக்குத் தெரியும். கண்மாய் அவனுக்கும் கண்மாய்தான். கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்தால் போதும், மனம் இளகிவிடுவான். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன் பிள்ளைகளே, உங்களிடம் மறைக்க மாட்டேன். மளிகைக்கடை அண்ணன் ஒன்றும் புரியாத மாதிரி பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் புரிந்தது.

போட்டேன். நான்காவது மணியில் எடுத்தார்.

"மேடம், மன்றத்து முருகேசன். ஷார்ஜாவுல இருந்து பேசுறேன். ரெண்டாவது படி கெடச்சிருச்சு."

"நனையலையே?"

"இல்ல மேடம். ஒன்பது வரியும் இருக்கு. அப்புறம் மேடம், அந்த லேமினேஷன். அது சரோஜா அக்கா செய்யச் சொல்லல. செய்யும்போது அவங்களுக்குத் தெரியாது. நானா செஞ்சேன். அன்னைக்கு நீங்க கேட்டப்ப சொல்லியிருக்கணும். சொல்லல."

அந்தப் பக்கம் கோப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அதை எழுத்துல குடுங்க" என்றார் அவர். "விசாரணைக்கு முன்னாடி குடுங்க. அப்பத்தான் கோப்புல திருத்த முடியும். இப்ப அதைச் சுருட்டும்போது எழுத்துப் பக்கம் வெளிய இருக்கட்டும். இறுக்காதீங்க."

போனைச் சட்டைப் பையில் போட்டேன். ஆரோக்கியம் எழுந்துபோய், கை அகலக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தான். அதன் மேல் பழைய வேட்டியைச் சுற்றி, அதன் மேல் படியைத் தளர்வாகச் சுற்றி, மேலே இன்னொரு வேட்டியைச் சுற்றினான். குழந்தைக்குத் துணி சுற்றுவது போலச் சுற்றினான். அதன் பிறகுதான் இருவரும் சாப்பிட்டோம். அண்ணன் கடைப் பரோட்டாவும் தயிரும். மூன்று நாளில் அன்றைக்குத்தான் எனக்குச் சாப்பாட்டின் ருசி தெரிந்தது.

"போற வழியில எங்கயாச்சும் லேமினேஷன் கடையப் பாத்தா கண்ண மூடிக்க" என்றான், பஸ் ஏற்றிவிடும்போது.

சனிக்கிழமை விமான நிலையத்தில் மூன்று இடத்தில் நிறுத்தினார்கள். முதல் ஆள் குழாயா என்றார், இரண்டாவது ஆள் துப்பாக்கியா என்றார். மூன்றாவது அம்மா வேட்டியைப் பிரித்துப் பார்த்து, எக்ஸ்ரேயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். யாருக்கு என்றார். கண்மாய்க்கு என்று சொல்ல இங்கிலீஷ் தெரியவில்லை. விமானத்தில் மேலே பைகளோடு வைக்கச் சொன்னார்கள். யாரோ ஒருவர் பெட்டியை வைத்துத் தள்ளுவார் என்று பயந்து, கெஞ்சிக் கூத்தாடி, கடைசி வரிசையில் காலியாக இருந்த சீட்டில் அதற்குப் பெல்ட் போட்டு உட்கார வைத்தேன். நான் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு மணி நேரம் ஒரு கையை அதன் மேலேயே வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை. விசாரணை பத்து மணிக்கு. நான் ஒன்பதரைக்கே ஒரு முழுத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். நான்கு வரிதான். இரண்டு முறை கிழித்துவிட்டு எழுதியது. வராந்தாவில் சரோஜா அக்கா உட்கார்ந்திருந்தார். மன்றத்தார், காண்டிராக்டர் எல்லாரும் இருந்தார்கள். தாளை முதலில் அக்காவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தபால் முகவரி படிக்கிற மாதிரி மேலிருந்து கீழாகப் படித்தார்.

உள்ளே அந்த அதிகாரி அம்மா படியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பின்பக்கம் விரலை ஓட்டினார். அரை மணி நேரம் வரி வரியாகத் தடவிப் பார்த்தார். நான்காவது வரியில் விரல் நின்றது. மடை என்ற சொல்லையும் அதைக் கட்டியவர் பெயரையும் உரக்கப் படித்தார். காண்டிராக்டர், "அது துணி துவைக்கிற கல்லுங்க" என்று மறுபடி தொடங்கினார். "துவைக்கிறவங்க பேர் வெட்டிக்கிட்டா துவைப்பாங்க?" என்றார் அம்மா. பழைய மடையைத் தொடக் கூடாது என்று உத்தரவாயிற்று. புது மடை இருபதடி தள்ளி. படி எடுத்தவர் என்ற இடத்தில் ஆரோக்கியத்தின் பெயரைச் சொன்னேன், எழுதிக்கொண்டார். செயலாளர் பற்றிய வரியை அடித்துவிட்டு, என் தாளைக் கோப்பில் சேர்த்தார்.

வெளியே வந்ததும் எல்லாரும் என் முதுகைத் தட்டினார்கள். அக்கா தட்டவில்லை. படிக்கட்டில் என் கூடவே இறங்கினார். கோபமாகத் தெரியவில்லை.

"நீதான்னு எனக்குத் தெரியும். உன் கடை மெஷினு எனக்குத் தெரியாதா?" என்றார். "நீ ஒரு வார்த்தை அன்னைக்கே சொல்லிருந்தா, நான் பதினோரு நாளு தூங்கியிருப்பேன் முருகேசா."

குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

பிள்ளைகளே, மடை நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள், ஏறி விளையாடாதீர்கள். காகிதத்துக்காகக் கடல் தாண்டிப் போனேன், கொண்டுவந்துவிட்டேன். அக்காவின் அந்தப் பதினோரு ராத்திரியை எங்கே போய்க் கொண்டுவருவது என்று எனக்குத் தெரியவில்லை.